மைக்கேல் பாரடே பெருமகனாரும் ஹைட்ரோகார்பன் பெயர்களும்

மைக்கேல் பாரடே என்னும் பெயரைக் கேட்ட அளவில் நம் நினைவிற்கு வருவது மின்சாரமே ஆகும். 1831-ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்று உலகெங்கும் இயங்கும் மின்னாக்கிகளுக்கெல்லாம் வித்தாக விளங்குகின்றது. ஆயினும், மின்னியல் அறிஞராகப் புகழ் பெறுவதற்கு முன்னர் அவர் வேதியியல் அறிஞராகவே வளர்ந்தார் என்பதனை நம்மில் பலர் அறியார். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கூடிய சேர்மங்களை ஹைட்ரோகார்பன்கள் என்கிறோம். அவற்றுள் பெரும் புகழ் வாய்ந்த பென்சீனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் பாரடேயே ஆவார்.

இம்மலரைப் படிக்கும் நம் சமுதாய இளைஞர்களுள் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பில் மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன் என்று உருப்போட்டவர்களே. பொருள் விளங்காது உருப்போட்டவை தேர்வு அறையின் வாயிலைக் கடந்ததும் மறைந்துவிடுகின்றன. அப்பெயர்கள் ஏன் அவ்வாறு அமைந்தன, அவற்றிலிருந்து வாய்பாட்டை எவ்வாறு எழுதுவது என்பதனை, ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனுடைய வாழ்க்கையோடு இயைத்துக் கூறுவதே நம் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரையொட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே இரும்படிக்கும் கொல்லர். பிழைப்பைத் தேடி இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர். அவர் அடிக்கடி நோயுற்றமையால் உலைக்களத்து வருவாய் குடும்பத்திற்குப் போதவில்லை. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, பத்து வயதை எட்டாத மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரே ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கப்பட்டதாம். பள்ளிக்கல்வியோ எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் கற்றுக்கொண்ட அளவோடு நின்றுவிட்டது.

1804-ஆம் ஆண்டில், ஜார்ஜ் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் சிறுவனாக அவர் அமர்ந்தார். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டு சென்று கொடுப்பது அவருடைய வேலை. அவருடைய நேர்மையைக் கண்ட ரிபோ, மறு ஆண்டே கட்டணம் எதுவும் பெறாமல் அவரை ஏழாண்டுக் காலத்திற்கு நூல் கட்டும் தொழில் பழகுநராகச் சேர்த்துக்கொண்டார். கட்டுவதற்காக வந்த நூல்களைப் பாரடே படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பெரிதும் கவர்ந்தன. அந்நூலில் கண்ட சோதனைகளைச் சில காசுகளுக்குள் அடங்கும் பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்து, உண்மை என்று தெளிந்த பிறகே ஏற்றுக்கொண்டார். மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசானாக இறுதிவரை நன்றியோடு போற்றினார்.

1810-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டில் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனைக் கொடுத்து உதவியவர் கொல்லுத்தொழில் செய்துவந்த அண்ணன் இராபர்ட். உலையில் வெந்த ஒருவரின் உழைப்பு, அவர் தம்பியின் கல்விக்கு வழி திறந்தது. நம் குடும்பங்களிலும் ஒருவர் படிக்க மற்றொருவர் மண் சுமந்த வரலாறுகள் பலவுண்டு. ஆதலின் இச்செய்தியை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

டேவியின் துணைவர்

1812-ஆம் ஆண்டில், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டுகளால், அக்காலத்தின் தலைசிறந்த வேதியியல் அறிஞரான சர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளை ராயல் இன்ஸ்டிடியூஷனில் கேட்கும் வாய்ப்புப் பாரடேவுக்குக் கிட்டியது. கேட்டவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அங்கே ஆய்வுக்கூட உதவியாளராக நியமிக்கப்பட்டார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியமும், மாடியில் தங்குவதற்கு இரண்டு அறைகளும் கிடைத்தன. நூல் கட்டும் தொழிலே ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது எனலாம்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் டேவி தம் மனைவியாரோடு ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது பாரடேயும் உடன் சென்றார். ஏவலாள் வர மறுத்தமையால் அந்த வேலையும் இவர்மேல் விழுந்தது. டேவியின் மனைவியார் இவரைப் பணியாளாகவே நடத்தி, பணியாளர்களோடு உண்ணச் செய்தார். மனம் வெதும்பி, பயணத்தை விட்டுத் திரும்பிவிடவும் பாரடே எண்ணியதுண்டு. எனினும் கற்கும் வாய்ப்பை இழக்க அவர் விரும்பவில்லை. ஆங்கிலேயரின் வகுப்பு வேற்றுமையும் நம் நாட்டுத் தீண்டாமையும் ஒன்றல்ல. கொல்லர் மகனுக்கு அங்கே நூலும் ஆய்வுக்கூடமும் எட்டின. நம் முன்னோர்க்குப் பள்ளித் திண்ணையே எட்டவில்லை. இவ்வேறுபாட்டை மறவாமலே இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஆயினும் உணவின்போது ஒதுக்கப்படும் மனிதனின் உள்ளம் எந்நாட்டிலும் ஒன்றே.

ஒரு வாயுவும் பல பெயர்களும்

ஹைட்ரோகார்பன்களோடு பாரடேவுக்கு உறவு ஏற்பட்டது இப்பயணத்தில்தான். 1814-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்சு நகரில், பெரிய வில்லையொன்றினால் கதிரவன் ஒளியைக் குவித்து வைரத்தை எரித்து, அது கார்பனே என்று டேவியும் பாரடேயும் மெய்ப்பித்தனர். அடுப்புக்கரியும் அரசர் முடியிலுள்ள வைரமும் ஒரே தனிமம் என்பது கண்முன் விளங்கிற்று. அந்நாட்டின் மலைப்பகுதியில் நிலத்திலிருந்து கிளம்பி எரியும் வாயுவையும் அவர்கள் ஆராய்ந்தனர். மிலான் நகரில் முதியவரான வோல்ட்டாவையும் பாரடே கண்டார். அந்த வோல்ட்டாதான் 1776-ஆம் ஆண்டில் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து, எரியும் சதுப்பு வாயுவை ஆராய்ந்தவர்.

இங்கிலாந்திலோ நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு வெடித்து உயிர்கள் மாய்ந்துகொண்டிருந்தன. 1812-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் பெல்லிங் சுரங்கத்தில் மட்டும் 92 பேர் மாண்டனர். நாடு திரும்பிய டேவி 1815-ஆம் ஆண்டில் கம்பி வலை சூழ்ந்த காப்பு விளக்கை அமைத்தபோது, பாரடே அவருக்கு உற்ற துணையாக நின்றார்.

சேற்றில் எழுந்தபோது சதுப்பு வாயு. சுரங்கத்தில் எழுந்தபோது சுரங்க எரிவாயு. வேதியியல் நூல்களில் இலேசான கார்பன் கலந்த ஹைட்ரஜன். பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே. ஒரு கார்பன் அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கூடிய அதனை இன்று மீத்தேன் என்கிறோம். பிறந்த இடத்தைக் கொண்டு பெயரிட்டமையால், அவையெல்லாம் வெவ்வேறு பொருள்கள் என்று எண்ண இடம் ஏற்பட்டது. உள்ளிருப்பதை எண்ணிப் பெயரிட்ட பிறகே குழப்பம் நீங்கிற்று.

இவ்வாயு நம் மக்களின் உயிரோடும் தொடர்புடையது. சாக்கடைக் குழிகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் மீத்தேனும், கொடிய நஞ்சாகிய ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கி நிற்கும், உயிர்க்காற்றோ குறைந்திருக்கும். மீத்தேனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அங்கே இறக்கிவிடப்பட்டு மாண்டவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 1993-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், காப்பின்றிக் குழியில் இறக்குவதையும் தடுத்து 2013-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சுரங்கத் தொழிலாளிக்குக் காப்பு விளக்கு கண்ட அறிவியல், இன்று குழியில் மனிதன் இறங்கவே வேண்டாத பொறிகளையும் தந்துள்ளது. குழியினுள் இருப்பது இன்னதென்று அறிந்த இளைஞன், பிறர் இறங்கச் சொன்னால் மறுக்கும் துணிவையும் பெறுவான்.

1825-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

1820-ஆம் ஆண்டிலேயே கார்பனும் குளோரினும் கூடிய இரு புதிய சேர்மங்களைப் பாரடே ஆக்கிக் காட்டியிருந்தார். 1821-இல் சாரா பர்னார்டு அம்மையாரை மணந்து, ராயல் இன்ஸ்டிடியூஷனின் மாடியிலேயே இல்லறம் நடத்தினார். 1824-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் துணைவராய் இருந்தவர் தமக்கு நிகராக உயர்வதை அக்கழகத்தின் தலைவராயிருந்த டேவி விரும்பவில்லை. வாக்கெடுப்பில் பாரடேவுக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இதன் பொருட்டு டேவியைப் பழித்து அவர் பேசியதில்லை.

அக்காலத்தில் எண்ணெயைக் காய்ச்சிப் பெற்ற வாயுவை இரும்புக் கலங்களில் அழுத்தி அடைத்து, விளக்கெரிப்பதற்காக வீடுகளுக்கு விற்றுவந்தனர். ஏறத்தாழ 30 மடங்கு காற்றழுத்தத்தில் அடைக்கும்போது கலத்தின் அடியில் ஒரு நீர்மம் தங்கிற்று. பிறர் கழிவென்று கருதிய அதனைப் பாரடே 1825-ஆம் ஆண்டில் ஆராயப் புகுந்தார். பன்முறை காய்ச்சி வடித்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் வெளிவந்த பகுதியைத் தனித்தனியே சேர்த்தார். அவற்றுள் ஒரு பகுதியைப் பனிக்கட்டியால் குளிர்வித்தபோது அது படிகமாக உறைந்தது. உறையாது எஞ்சிய நீர்மத்தை ஒற்றுத்தாளிடையே வைத்து அழுத்தி நீக்கினார். இறுதியில் 5.5 பாகை செல்சியசில் உருகும், நிறமற்ற, தூய பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே இன்றைய பென்சீன். அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் ராயல் சொசைட்டியில் இதனைப் பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது.

அடுத்து, அதன் உள்ளடக்கத்தை அவர் அளந்தார். அதன் ஆவியைச் சூடான தாமிர ஆக்சைடின் மேல் செலுத்தினால் கார்பன் எல்லாம் கரியமிலவாயுவாகவும், ஹைட்ரஜன் எல்லாம் நீராகவும் மாறும். அவ்விரண்டையும் அளந்தால் மூலப்பொருளில் எது எவ்வளவு இருந்தது என்பது புலப்படும். எடையில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 12 பங்கு கார்பன் இருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் கார்பனின் அணு எடையை 6 என்று கொண்டிருந்தனர். அதனால் 12 பங்கு என்பது இரண்டு கார்பன் என்றாயிற்று. இரட்டைக் கார்பன் சேர்ந்த ஹைட்ரஜன் என்னும் பொருள்பட அதற்குப் பாரடே பெயரிட்டார். எங்கே கிடைத்தது என்பதையோ தம் பெயரையோ அதற்குச் சூட்டவில்லை. அதனுள் என்ன இருக்கிறது என்பதையே பெயராக்கினார்.

ஒரே விகிதம், வேறு வேறு பொருள்

அதே நீர்மத்திலிருந்து மற்றுமொரு புதிய பொருளும் வெளிப்பட்டது. அது கடுங்குளிரில் மட்டுமே நீர்மமாகும் ஒரு வாயு. அதில் கார்பனும் ஹைட்ரஜனும் இருந்த விகிதம், முன்னரே அறியப்பட்ட எத்திலீன் வாயுவில் இருந்த விகிதமே. ஆனால் அடர்த்தியோ எத்திலீனைப்போல் இரு மடங்கு, பண்புகளும் வேறு. விகிதம் ஒன்றாக இருந்தும் பொருள் இரண்டாக இருக்கக் கூடும் என்பதனைப் பாரடே தெளிவாகச் சுட்டினார். 1830-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு, ஒரே இயைபுடைய வேறு வேறு பொருள்களுக்கு மாற்றியம் எனும் கருத்தை வகுத்தபோது, இத்தகைய சான்றுகளே அடிப்படையாயின.

வாய்பாடு எழுதக் கற்போர் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். கார்பனைச் சி என்னும் எழுத்தாலும், ஹைட்ரஜனை எச் என்னும் எழுத்தாலும் குறிப்பர். அணுக்களின் எண்ணிக்கையை எழுத்தின் வலப்புறம் கீழே இடுவர். இன்று நாம் கொள்ளும் அணு எடை கார்பனுக்கு 12, ஹைட்ரஜனுக்கு 1. எத்திலீனில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்னும் விகிதம் உள்ளது. அக்கூட்டின் எடை 14. எத்திலீன் வாயு ஹைட்ரஜனைப்போல் 14 மடங்கு கனமுடையது. வாயுவின் இவ்வடர்த்தியை இரட்டித்தால் மூலக்கூறு எடை கிடைக்கும், அது 28. இருபத்தெட்டைப் பதினான்கால் வகுக்க ஈவு இரண்டு. ஆகவே எத்திலீனின் வாய்பாடு சி₂எச்₄. பாரடே கண்ட வாயுவின் அடர்த்தி 28 மடங்கு, எனவே மூலக்கூறு எடை 56, ஈவு நான்கு, வாய்பாடு சி₄எச்₈. அதுவே பியூட்டிலீன் எனப்படுவது.

பென்சீனுக்கும் இவ்வாறே. எடை விகிதம் 12-க்கு 1 என்பதால், ஒரு கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன். கூட்டின் எடை 13. அதன் ஆவி ஹைட்ரஜனைப்போல் 39 மடங்கு கனமுடையது. இதற்கு மிக நெருங்கிய அளவைப் பாரடே அன்றே கண்டிருந்தார். 39-ஐ இரட்டிக்க 78. அதனை 13-ஆல் வகுக்க 6. ஆகவே சி₆எச்₆. டேவியின் உறவினரான எட்மண்டு டேவி 1836-ஆம் ஆண்டில் கண்ட அசெட்டிலீனிலும் இதே விகிதந்தான். ஆயினும் அதன் வாய்பாடு சி₂எச்₂. விகிதத்தை மட்டும் அறிந்தால் போதாது; மொத்தம் எத்தனை என்பதையும் எண்ணியாக வேண்டும்.

பாரடே இட்ட பெயர் மறைந்த காரணம்

பாரடே இட்ட பெயர் நிலைக்கவில்லை. ஜெர்மனி நாட்டு மிட்ஷர்லிக், சில ஆண்டுகள் கழித்து, சாம்பிராணிப் பிசினிலிருந்து கிடைக்கும் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி அதே பொருளைப் பெற்று, பென்சின் என்று பெயரிட்டார். அதுவே திரிந்து இன்றைய பெயராயிற்று. நம் இல்லங்களில் புகையிடும் சாம்பிராணியின் பெயர், அராபிய வணிகர் வாயிலாக மேனாடு சென்று இவ்வாறு வேதியியலில் நிலைபெற்றது. பாரடேயின் அளவையில் பிழையில்லை. கார்பனின் அணு எடையைப் பாதியாகக் கொண்ட அக்கால வழக்கே அப்பெயரைப் பொருந்தாமல் செய்தது. 1860-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில், இத்தாலிய அறிஞர் கன்னிசாரோவின் விளக்கத்தால் அணு எடை பற்றிய குழப்பம் தீரத் தொடங்கியது. 1865-இல் கெக்குலே பென்சீனின் ஆறு கார்பன்களும் வளையமாக நிற்பதாகக் கூறினார். அவ்வளையம் தட்டையானது என்று 1929-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களால் மெய்ப்பித்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வு பயின்றவரே. அவரும் பெரிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்.

பெயரிடும் ஒழுங்கு

ஹைட்ரோகார்பன்களுக்கு ஒழுங்கான பெயர் முறையை 1866-ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் ஆகஸ்டு வில்ஹெல்ம் ஹாப்மன். அவர் இருபதாண்டுக் காலம் இலண்டனில் பேராசிரியராக இருந்தவர். 1845-இல் நிலக்கரித் தாரில் பென்சீன் இருப்பதைக் கண்டவர். 1865-இல் பாரடேயின் அரங்கமாகிய ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே வண்ணப் பந்துகளைக் கம்பிகளால் இணைத்து மூலக்கூறுகளை விளக்கியவர். உயிரெழுத்தை மாற்றினால் ஹைட்ரஜனின் அளவு மாறியதைப் பெயரே உணர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. மெய்யோடு உயிர் சேரும்போது ஓசை மாறும் தமிழைக் கற்ற நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

பெயரின் முற்பகுதி கார்பனின் எண்ணிக்கையைக் கூறும்: மெத் எனில் 1, எத் எனில் 2, புரப் எனில் 3, பியூட் எனில் 4, பென்ட் எனில் 5, ஹெக்ஸ் எனில் 6. முதல் நான்கும் பழைய பெயர்களின் எச்சங்கள். பியூட் என்பது வெண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஐந்து முதல் கிரேக்க எண்ணுப் பெயர்கள் வரும். பெயரின் இறுதி, கார்பன்களுக்கு இடையேயுள்ள பிணைப்பைக் கூறும். ஏன் என முடிந்தால் ஒற்றைப் பிணைப்பு மட்டும். ஈன் என முடிந்தால் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஐன் என முடிந்தால் ஒரு முப்பிணைப்பு. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்பவற்றை ஒப்பிடுக.

ஹைட்ரஜனை எண்ணுவதும் எளிதே. ஏன் வகையில், கார்பனின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டுக. ஈன் வகையில் இரட்டித்தால் போதும். ஐன் வகையில் இரட்டித்து இரண்டைக் கழிக்க. ஆகவே ஈத்தேன் சி₂எச்₆; ஈத்தீன் சி₂எச்₄; ஈத்தைன் சி₂எச்₂. நம் சமையலறை எரிவாயு உருளையில் பெரும்பாலும் இருப்பவை புரப்பேனும் பியூட்டேனுமே. அவை முறையே சி₃எச்₈, சி₄எச்₁₀. கார்பன் ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள் என்பதனை நினைவில் கொண்டு படம் வரைந்தால் இவ்விதிகளை உருப்போடவும் வேண்டியதில்லை.

1892-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் இம்முறையைச் செப்பம் செய்தனர். நீண்ட கார்பன் சங்கிலியைக் கண்டு அதற்குப் பெயரிட்டு, கிளை நிற்கும் இடத்தை எண்ணால் குறிப்பது விதியாயிற்று. அதனால் சி₄எச்₁₀ என்னும் ஒரே வாய்பாடு உடைய இரு பொருள்களுள், நேராக நிற்பது பியூட்டேன் என்றும், கிளைத்து நிற்பது 2-மெத்தில் புரப்பேன் என்றும் வேறுபடுத்தப்பட்டன. இன்று எந்நாட்டு மாணவனும் பெயரைக் கேட்டு வாய்பாட்டையும், வாய்பாட்டின் படத்தைக் கண்டு பெயரையும் எழுத இயலும்.

பெயர் பற்றிய சிந்தனை நம் சமுதாய வரலாற்றுக்கும் புதிதன்று. அரசு ஆவணங்களில் நம் மக்களைக் குறிக்கப் பிறர் வழங்கிய பெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டுமென 1922-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வெற்றி கண்டார் எம்.சி. ராஜா அவர்கள். பொருள்களுக்கு ஆராய்ந்தவர் பெயரிடலாம். மனிதரின் பெயரையோ அம்மனிதரே தேர்ந்து கொள்ளல் வேண்டும். பிறந்த இடத்தையும் செய்த தொழிலையும் காட்டி ஒட்டிய பெயர், உள்ளிருக்கும் ஆற்றலைக் கூறாது என்பது இரண்டிடத்தும் ஒக்கும்.

ஆசிரியரும் மனிதரும்

பாரடே தமக்குத் தெரியாததைக் கேட்டறிய நாணியதில்லை. கிரேக்கம் கற்காத அவர், 1834-ஆம் ஆண்டில் மின்வேதியியலுக்குப் புதுச்சொற்கள் தேவைப்பட்டபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹ்யூவெல் அவர்களைக் கலந்தே ஆனோடு, கேத்தோடு, அயனி முதலிய சொற்களை நிலைநாட்டினார். அவை இன்றும் நம் பாடநூல்களில் உள்ளன.

கற்றதைப் பிறர்க்கு வழங்குவதிலும் அவர் பேரார்வம் உடையவர். கிறிஸ்துமசு விடுமுறையில் இளைஞர்களுக்காக 19 தொடர்ச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவற்றுள் மெழுகுவர்த்தியைப் பற்றியது பெரும்புகழ் பெற்று 1861-இல் நூலாயிற்று. சுடரின் மஞ்சள் ஒளி, ஹைட்ரோகார்பன் சிதைந்து பிரியும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் உண்டாகிறது என்பதை, ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே அவர் விளக்கினார். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் அச்சோதனையைச் செய்து காட்டலாம்.

சர் பட்டம் அவருக்கு வேண்டாததாயிற்று. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் இயற்கை எய்தினார். ஹைகேட் இடுகாட்டில் அவர் கல்லறைக் கல்லில் பட்டங்கள் இல்லை. பெயரும், பிறந்த நாளும், மறைந்த நாளுமே உள்ளன. அவர் பிரித்தெடுத்த பென்சீன் மாதிரி ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது. சாயமும் மருந்தும் நைலான் இழையும் அப்பொருளின் வழி வந்தவை. அது புற்றுநோயை விளைவிக்கும் என்பதும் பின்னர்த் தெரிந்தமையால், இன்று அதனை மிகுந்த காப்போடு கையாளுகின்றனர்.

இளைஞர்களே! ஏழ்மை பாரடேயைத் தடுத்தது, ஆனால் நிறுத்தவில்லை. கட்டக் கொடுத்த நூலைப் படித்தார்; படித்ததைச் சோதித்தார்; சோதித்ததை எண்ணி எழுதினார். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நூலும் விளக்கும் தந்து உதவிவருவதும் இதன் பொருட்டே. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, பென்ட்டேனின் வாய்பாடாகிய சி₅எச்₁₂ என்பதை எழுதுங்கள். அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. கார்பனுக்கு நான்கு கைகள் என்னும் விதி வழுவாமல் மூன்றையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை நீங்களே எழுதிப் பாருங்கள். உங்கள் தம்பி தங்கையர்க்கும் சொல்லிக் கொடுங்கள்.